மீன் பெட்டியில் பதினெட்டு டிகிரி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் படத்தை மாணவர் போடக் கூடாது. வழிகாட்டியான சார்தான் போடுவார். கம்ப்யூட்டரில் அல்ல, இந்தியன் இங்க்கில், தொட்டெழுதும் பேனாவால், தடித்த வெள்ளைத் தாளில். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். "எனக்கு நம்பிக்கை வராததை என் கையால போட மாட்டேன்" என்பது அவர் சட்டம். சிலருக்கு வருடக்கணக்கில் இழுத்திருக்கிறது. ஒருவர் படம் கிடைக்காமலேயே பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். போனில் எப்போது பேசினாலும் அந்த மனுஷன் முதலில் எடுப்பது அந்தப் பேச்சைத்தான்.

எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பட்டத்தைவிட அது வேண்டியிருந்தது.

நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவள், விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் மாணவியானேன். மாடம்பாக்கத்து வீட்டிலிருந்து தாம்பரத்துக்கு ஸ்கூட்டியில் போய்வந்தேன். எங்கள் வேலை பழ ஈக்களோடு. வாழைப்பழம் கனிந்தால் சமையலறையில் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. அவற்றைச் சோளமாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டுக் கிளறிய கூழில், கண்ணாடிக் குப்பிகளில் வளர்ப்போம். என் மாமியார் கோயிலுக்குப் போகிற வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நல்ல வேலையை விட்டுட்டு ஈ ஓட்டப் போறா எங்க மருமக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு.

அந்த வேறு விஷயம் ஒரு மரபணு. ஈ கூட்டுப்புழுவாக இருக்கும்போது அதன் மூளையில் எந்த நரம்பு எந்த நரம்போடு சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்கிற மரபணுக்கள் சில உண்டு. நரம்பும் நரம்பும் சேரும் அந்த இடத்துக்குப் பெயர் சினாப்ஸ். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நரம்பு நெடுக முத்துக் கோத்த மாதிரி தெரியும். அந்த முத்துகள் அமைந்து, ஈ கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டால் கட்டுமான மரபணுக்களின் வேலை முடிந்தது என்றுதான் படித்திருந்தோம். நானே என் கல்லூரியில் அப்படித்தான் நடத்தியிருந்தேன். ஆனால் வளர்ந்த ஈயின் மூளையைச் சாயமேற்றிப் பார்த்தபோது, அந்த மரபணுக்களில் ஒன்று இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதிகமில்லை, கொஞ்சம்தான். எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் ஒரு அறையில் டியூப்லைட் எரிந்தால் யாருக்கும் தோன்றுகிற கேள்வி எனக்கும் தோன்றியது. உள்ளே யாரோ இருக்கிறார்களா, இல்லை அணைக்க மறந்துவிட்டார்களா?

மறந்துவிட்டார்கள் என்றார் சார். யாரோ இருக்கிறார்கள் என்றேன் நான்.

அந்த வருஷங்களில் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரைக்கும் எந்தத் தெருவில் திரும்பினாலும் மணல் குவியலும் ஜல்லியும்தான். அதனால் சாரின் கிண்டலும் அங்கிருந்தே வந்தது.

"வீடு கட்டி முடிச்சாச்சு. கிரகப்பிரவேசமும் ஆச்சு. கொத்தனார் இன்னும் எதுக்கும்மா மொட்டை மாடியில உக்காந்திருக்கான்?"

"ஒரு மழைக்காலத்துல எங்க வீட்டு மாடியை வந்து பாருங்க சார். அவரை ஏன் அனுப்பினோம்னு தோணும்."

அவர் சிரித்துவிட்டு, "சரி, அப்ப காட்டு" என்றார். இந்த "காட்டு" என்ற ஒரு சொல்லில்தான் எங்கள் எல்லோருடைய இளமையும் போயிற்று.

அடுத்த சில மாதங்களில் சாரின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே அதைச் சொன்னார். "ஏசி சர்வீஸுக்கு ஆள் வருவாங்க, ஜன்னலோரம் எதையும் வைக்காதீங்க. எனக்கு நடுக்குவாதம்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டார். எத்தனால் ஆர்டர் பண்ணணும், யார் பொறுப்பு?" எத்தனாலுக்குக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, சார் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தனை பாட்டையும் மனப்பாடமாகப் பாடினார். குரல் கணீரென்று இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், அழுகையை மறைக்க.

அதற்குப் பிறகு முடித்த இரண்டு பேரின் ஆய்வேட்டில் முதல் படம் கம்ப்யூட்டரில் வந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழக்கம் நின்றுவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த நரம்புக் கட்டு, ஈயின் நடையையும் ஏறுதலையும் கவனிப்பது. மனிதர்களில் அதே வகை நரம்புகள் கெடும்போதுதான் நடுக்குவாதம் வருகிறது. சாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு முன்பே நான் அதை ஆய்வுக்கு எடுத்துவிட்டேன். ஆனாலும் வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாக, இப்போது நான் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த அறையில் இன்னொரு பொருள் இருந்தது. அதை உடைத்துப் பேசியவரும் சார்தான்.

"நீ சொல்றது உண்மையா இருக்கணும்னு இந்த ஊர்லயே அதிகமா ஆசைப்படறவன் நான்தான். அதனால நான்தான் எதிர்க்கட்சி. என்கிட்ட ஜெயிச்சா அப்புறம் யார்கிட்டயும் நீ பயப்பட வேண்டாம்."

"நான் இப்பவே யார்கிட்டயும் பயப்படல சார்."

"அது தெரியும். அதான் பயமா இருக்கு."

சோதனை இப்படி. எங்கள் ஈக்களுக்குள் ஒரு பொறி வைத்திருந்தோம். பதினெட்டு டிகிரி குளிரில் அது தூங்கும். மரபணு தன் வேலையைச் செய்யும். இருபத்தொன்பது டிகிரிக்குப் போனால் பொறி விழித்துக்கொண்டு அந்த மரபணுவின் வாயை அடைத்துவிடும். முட்டையிலிருந்து ஈயாக வெளியே வரும்வரை குளிரில் வளர்க்க வேண்டும். வீடு ஒழுங்காகக் கட்டி முடியட்டும் என்றுதான். பிறகு வளர்ந்த ஈயைச் சூட்டுக்கு மாற்ற வேண்டும். அப்போது முத்துகள் உதிர்ந்தால், கட்டி முடித்த வீட்டுக்கும் கொத்தனார் தேவை என்று ஆகும். பொறி இல்லாத சாதாரண ஈக்களையும் அதே சூட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்வோம், வெறும் சூட்டினால் வந்த வினை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. மற்ற ஊர்க்காரர்கள் இருபத்தொன்பதுக்குச் சூடேற்றுவார்களாம். தாம்பரத்து ஏப்ரலில் நாங்கள் அதற்கும் குளிர வைக்க வேண்டியிருந்தது.

முதல் தடவையே நான் சொன்னது நடந்தது. குப்பியைத் தட்டினால் விறுவிறுவென்று சுவரில் ஏறுகிற ஈக்கள், சூட்டில் சில நாள் இருந்த பிறகு பாதியில் நின்றன. சில அடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. கசகசா அளவு மூளையை எடுத்துப் பார்த்தால், நரம்பு இருந்தது, முத்துகள் குறைந்திருந்தன. கம்பி அறுபடவில்லை, கம்பியோடு கம்பி சேர்த்த இடம்தான் விட்டுப்போயிருந்தது. நான் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டேன். ஆய்வுக் குழுவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இந்தப் பக்கம் பவர் கட் உண்டா?"

உண்டா என்றா கேட்டார்? அறிவித்த மின்வெட்டு இரண்டு மணி நேரம், அறிவிக்காதது அவர்கள் இஷ்டம். கூட்டுப்புழு இருக்கும் பெட்டி நடுவில் சூடாகியிருந்தால், பொறி அப்போதே விழித்திருக்கும். அப்படியானால் முத்துகள் உதிரவில்லை, சரியாக அமையவே இல்லை. கட்டும்போதே விட்ட பழுது என்பது அவர் வாதம். வாதம் சரி. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"அந்தப் பகுதியை எடுத்துட்டு மீதியை வெச்சு முடிச்சிடலாமே" என்றார் அவர், உதவி செய்கிற குரலில்.

"எடுக்க மாட்டேன். திரும்பப் பண்றேன்" என்றேன். சார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் திரும்பப் பண்ணத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பச் செய்தேன். கூட்டுப்புழு பருவத்தின் நடுவில், ஒரு பிற்பகலில், டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தேர்வு நடக்கிற கட்டடத்துக்குத்தான். நான் அன்று நூலகத்தில் இருந்தேன். குளிர்பெட்டியைத் திறக்காமல் விட்டிருந்தால் அதன் குளிர் இரண்டு மணி நேரமாவது தாங்கியிருக்கும். ஆனால் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் என் மேல் பாசம். ஒவ்வொருவராக வந்து, பாவம், அவளுடைய ஈ எப்படி இருக்கிறதோ என்று கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இட்லிப் பானையைத் திறந்து திறந்து பார்த்தால் இட்லி வேகாது என்று வீட்டில் சொல்லத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும்! நான் ஓடி வந்தபோது தெர்மாமீட்டர் முப்பதில் நின்றது. வெளியே வந்த ஈக்களில் பாதிக்கு இறக்கை கோணல்.

யார் திறந்தது என்று நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, சார் தன் அறை வாசலில் வந்து நின்றார்.

"முதல்ல திறந்தது நான்தான்மா. மனசு கேக்கல."

எதிர்க்கட்சித் தலைவரே எனக்கு ஓட்டுப் போட வந்த மாதிரி இருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் குப்பிகளையெல்லாம் நானே கொதிநீரில் போட்டுக் கழுவினேன்.

மூன்றாம் முறைக்கு மே மாதம்தான் கிடைத்தது. சாருக்கு மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மணி நேரம் கை சொன்னபடி கேட்கும். முன்பு அது இரண்டு மணி நேரமாக இருந்தது. இது சுருங்கிக்கொண்டே வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. மழைக்காலம் வரட்டும், குளிரட்டும் என்று நான் காத்திருந்தால், நான் ஜெயித்த பிறகு வரைய அவருக்குக் கை இருக்காது.

கேம்ப் ரோடு பக்கம் எங்கள் வழியில் ஒரு அக்கா மீன் விற்பார். கடலோரக் குப்பத்திலிருந்து விடியலில் பஸ் பிடித்து வருகிறவர். அவர் பக்கத்தில் பெரிய தெர்மாக்கோல் பெட்டி, ஐஸும் மீனும் நிறைந்து, மே மாத வெயிலில் மதியம் வரைக்கும் ஜில்லென்று இருக்கும். நான் தினமும் பார்த்துக்கொண்டு போன பெட்டி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஸ்கூட்டியை நிறுத்தி, பழைய பெட்டி ஒன்றும் தினம் கொஞ்சம் ஐஸும் வேண்டும் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"ஈ வளக்கறேன்க்கா. அதுங்களுக்குக் குளிர் வேணும்."

கையிலிருந்த விசிறியை அவர் அப்படியே நிறுத்தினார். மீன் மேல் உட்காராமல் ஈயை விரட்டிக்கொண்டிருந்த விசிறி.

"காலைல இருந்து கை நோவ நான் இதை ஓட்டிகினு கீறேன். நீ ஐஸ் வெச்சு வளக்குறியா? படிச்ச பொண்ணுதானே நீ?"

"ரொம்பப் படிச்சிட்டேன்க்கா. அதான்."

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு இதைச் சொல்லிச் சிரித்து, பிறகு பெட்டியைக் கொடுத்தார். "நல்லா கழுவிக்கோ, இல்லாங்காட்டி பூனை இட்டுகினு பூடும்" என்றார். கழுவினேன். மூன்று முறை கழுவியும் நெத்திலி வாசம் போகவில்லை. ஈக்கள் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

அடியில் ஐஸ், அதன்மேல் சாக்கு, அதன்மேல் மடித்த செய்தித்தாள், பிறகு குப்பிகள். தாள் குறைந்தால் பத்து டிகிரிக்கு இறங்கும், கூடினால் இருபத்திரண்டுக்கு ஏறும். மூடியில் துளை போட்டுத் தெர்மாமீட்டரைச் சொருகி, வெறும் பெட்டியை வைத்துப் பல நாள் பழகினேன். எத்தனை தாள் போட்டால் பதினெட்டு என்று கைக்கே தெரிந்துவிட்டது. கரண்ட் போனால் வாட்ச்மேன் அண்ணா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார் என்று ஏற்பாடு. போனை எடுக்கக் கூடாது, எடுத்தால் அவருக்குக் காசு போகும். அடித்து நின்றால் நான் ஓடிப்போய்க் குப்பிகளை மீன் பெட்டிக்கு மாற்ற வேண்டும். குளிர்பெட்டிக் கதவை ஒரு பழைய துப்பட்டாவால் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தேன். பாசம் உள்ளவர்கள் யாரும் அவிழ்க்க முடியாத முடிச்சு.

ஆரம்பிப்பதற்கு முன்பு சார் ஒரு விஷயம் கேட்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சூட்டுக்குப் போனதுல கொஞ்சத்தை நடுவுலயே திருப்பிக் குளிருக்குக் கொண்டு வா. மரபணு மறுபடி வேலை செய்யும் இல்ல? அப்ப என்ன ஆகுதுன்னு பார்."

உதிர்ந்த முத்து திரும்பி வருமா என்பது கேள்வி. அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "பார்க்கறேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மே மாதம் போன் அடித்து நிற்காத நாள் குறைவு. உச்சி வெயிலில் கரண்ட் போனபோது பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்து போனேன். என் கணவர் வீட்டு ஃப்ரீஸரில் குழந்தைகளின் ஐஸ்கிரீமை வெளியே எடுத்துவிட்டு, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் உறைய வைத்துக் கொடுத்தார். ஐஸ்கிரீமை அவரே சாப்பிட்டுத் தியாகம் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கூடப் பெட்டி இருபதைத் தாண்டவில்லை. ஈக்கள் நேரான இறக்கையோடு வெளியே வந்தன. அன்றைக்கே கொஞ்சத்தை எடுத்து மூளையைப் பார்க்க வைத்துக்கொண்டேன், கட்டடம் முழுதாக முடிந்ததற்கு அவைதான் சாட்சி. மீதியில் பாதியைச் சூட்டுக்கு அனுப்பி அங்கேயே விட்டேன். மறுபாதியைச் சூட்டிலிருந்து நடுவில் திருப்பினேன். திருப்பிய அன்றும் சிலவற்றைப் பார்க்க எடுத்துக்கொண்டேன்.

எண்ணும்போது எது எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். அதனால் சார் கண்ணாடித் தகடுகளின் பெயர்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கலைத்துக் கொடுத்தார். நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்து முத்துகளை எண்ணி எண்ணி, கண்ணை மூடினாலும் பச்சைப் புள்ளிகள் தெரிகிற நிலைக்கு வந்து முடித்தேன். தகடுகளை அவர் மேஜையில் மூன்று குவியலாக வைத்தேன். முத்து நிறைய உள்ளவை, கொஞ்சம் குறைந்தவை, ரொம்பக் குறைந்தவை. பொறி இல்லாத ஈக்களின் தகடுகளும் நிறைந்த குவியலிலேயே விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

சார் ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தார். அது மாத்திரையின் நல்ல நேரம் இல்லை. ஓரம் நகத்தில் சிக்காமல் விரல் வழுக்கியது. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். நான் உரித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், அதை அவர் ஒருநாளும் மன்னித்திருக்க மாட்டார்.

நிறைய உள்ள குவியல்: வெளியே வந்த அன்றே எடுத்த ஈக்கள், பொறி இல்லாத ஈக்கள். கட்டடத்தில் பழுது இல்லை. ரொம்பக் குறைந்த குவியல்: சூட்டிலேயே விட்டவை. வளர்ந்த பிறகு மரபணுவின் வாயை அடைத்ததும் உதிர்ந்துகொண்டே போயிருக்கின்றன. நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு அது உடனே தெரிந்தது, ஆனால் மகிழ்ச்சி வரவில்லை. மீதி இருந்த நடுக் குவியலைச் சார் பெயர் பார்த்து இரண்டாகப் பிரித்தார், இரண்டிலும் முத்து ஒரே அளவு.

ஒன்று, திருப்பிய அன்றைக்கே எடுத்தவை. இன்னொன்று, திருப்பிக் குளிரில் விட்டு நாள் கழித்து எடுத்தவை. மரபணு மறுபடியும் வேலை செய்தும் ஒரு முத்துகூடக் கூடவில்லை.

"திரும்பி வரல சார்" என்றேன்.

அவர் அந்த இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணில் நான் பயந்தது எதுவும் இல்லை.

"வரலதான். ஆனா அதுக்கப்புறம் ஒண்ணும் போகவும் இல்லையே. நீ எண்ணினதைத்தான் சொல்றேன். அத்தனை நாள் குளிர்ல இருந்திருக்கு, ஒண்ணும் குறையல." தகடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது அவர் கையில் படபடத்தது. "போனது போகட்டும்மா. இருக்கறதை நிக்க வைக்க ஆள் உள்ள இருக்கான். இவ்ளோ நாள் நான் இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "கொத்தனாரை அனுப்பாதீங்கன்னு நீ சொன்னது சரிதான்" என்று சொல்லி, மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இந்தியன் இங்க் பாட்டில், மூடி இறுகிப்போய்க் கிடந்தது. அதை மட்டும் என்னிடம் கொடுத்தார், திறந்து தர. "நாளைக்குப் பதினொரு மணிக்கு. மாத்திரையை அதுக்கேத்த மாதிரி போட்டுக்கறேன்."

மறுநாள் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நான் இருக்கக் கூடாது என்றார். நான் வராந்தாவில் நின்றேன், கூடத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதாக நடித்தார்கள். கரண்ட் போனது. மிஸ்டு கால் வந்தது. இந்த முறை ஈக்களுக்காக யாரும் ஓடவில்லை. ஃபேன் இல்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்று எல்லோரும் கதவையே பார்த்தோம். யாரும் திறக்கவில்லை. அந்த ஒரு பாடத்தை எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வேட்டின் முதல் படம் அதுதான். ஒரே நரம்பு, முத்துகளோடு. திருப்பிக் குளிருக்குக் கொண்டுவந்த ஈயின் நரம்பு அது, தேர்ந்தெடுத்தவர் சார். நின்ற முத்துகளைக் கறுப்பாக நிரப்பியிருந்தார். போனவற்றுக்கு இடம் விட்டிருந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு அதே வெளிப் பேராசிரியர்தான் வந்தார். மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பாராட்டி, கடைசியாக அந்தப் பக்கத்துக்குத் திரும்பினார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

"இந்தப் படத்துல கோடு கொஞ்சம் நடுங்குதே. கம்ப்யூட்டர்ல திரும்பப் போட்டா நீட்டா இருக்குமே?"

கடைசி வரிசையில் சார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் எடுத்த புகைப்படத்தைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முத்துகளை எண்ணிப் பாருங்க சார்" என்றேன்.

பேராசிரியர் விரலை வைத்து எண்ணினார். புகைப்படத்தில் ஒருமுறை, படத்தில் ஒருமுறை. பிறகு சந்தேகப்பட்டு மறுபடியும் ஒருமுறை. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட இடம் மாறவில்லை. "இப்படியே இருக்கட்டும்" என்றார்.